சந்தேகம் மட்டும் போதுமா? போலீஸ் நிறுத்துவதற்கும் சோதிப்பதற்கும் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல்

கேள்வி இதுதான்: சந்தேகமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போலீஸ் ஒருவரைத் தெருவில் நிறுத்தி, சட்டைப்பை, கைப்பை, வண்டி, போன் எல்லாவற்றையும் சோதிக்கலாமா? சோதிக்கலாம் என்றால் அந்தச் சந்தேகம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்?

இந்தியச் சட்டத்தை வைத்துச் சொன்னால், கண்ணில் படுகிற எவரையும் நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதிக்கலாம் என்று பொதுவாக அதிகாரம் தருகிற பிரிவு நாடு முழுவதற்குமான குற்ற நடைமுறைச் சட்டத்தில் கிடையாது. சில மாநிலங்களின் காவல் சட்டங்களில், தெருவில் ஒருவர் கையில் இருப்பது திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால் அதைப் பார்வையிட அனுமதிக்கும் குறுகிய பிரிவுகள் உண்டு. மற்றபடி ஒவ்வொரு சோதனையும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட பிரிவின் கீழ் வர வேண்டும். எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்துச் சந்தேகத்தின் அளவும் மாறும், யார் சோதிக்கலாம் என்பதும் மாறும், எதை எழுதிவைக்க வேண்டும் என்பதும் மாறும். அதனால் ‘சோதிக்கலாமா’ என்பதை விட ‘எந்தப் பிரிவில், என்ன காரணம் எழுதி’ என்பதே சரியான கேள்வி.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கீழே வேறு சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே பிரிவு எண் வந்தால் அது இந்தப் புதிய சட்டத்தின் எண். பழைய எண்களை இன்னும் பலர் நாக்கு நுனியில் வைத்திருப்பதால் தேவையான இடத்தில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

சட்டத்தில் சந்தேகத்துக்குப் படிகள் உண்டு. அடிப்படியில் இருப்பது வெறும் சந்தேகம்: ஆள் புதுசு, பார்வை சரியில்லை, இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்பது போன்றவை. இதை வைத்து ஒரு காவலர் கேள்வி கேட்கலாம், கவனித்துக்கொண்டிருக்கலாம். பையைத் திறக்கவோ கைது செய்யவோ இது போதாது. அடுத்தது நியாயமான சந்தேகம். இதற்கு வெளியில் காட்டக்கூடிய உண்மை ஏதாவது வேண்டும். புகாரில் சொன்ன அடையாளம் பொருந்துவது, அருகில் நடந்த குற்றத்தின் நேரமும் இவர் வந்த திசையும் ஒத்துப்போவது, தகவல் தந்தவர் சொன்ன வண்டி எண்ணே எதிரில் நிற்பது, இப்படி. அதற்கும் மேலே இருப்பது ‘நம்புவதற்குக் காரணம்’. போதிய முகாந்திரம் இருந்தால்தான் ஒருவர் ஒன்றை நம்பக் காரணம் உள்ளவர், இல்லாவிட்டால் இல்லை என்று தண்டனைச் சட்டமே வரையறுக்கிறது. வீட்டில் நுழைந்து சோதிக்கவும், போதைப்பொருள் வழக்கில் சோதிக்கவும் இந்த மேல்படி தேவை.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கல் இருக்கிறது. அந்த அதிகாரியின் மனதில் இருந்ததைக் காகிதத்தில் எழுதினால், அதைப் படிக்கும் வேறொரு நிதானமான மனிதருக்கும் அதே சந்தேகம் வருமா? ‘திருதிருவென்று விழித்தார்’, ‘போலீசைக் கண்டதும் நழுவப் பார்த்தார்’ என்ற வாசகங்கள் எத்தனையோ மகஜர்களில் (சோதனையையும் கைப்பற்றியதையும் சாட்சிகளோடு பதியும் ஆவணம்) அச்சு மாறாமல் வருகின்றன. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான். சாதி, மதம், உடை, தலைமுடி, குடியிருக்கும் பகுதி ஆகியவை தனியாக ஒருபோதும் நியாயமான சந்தேகம் ஆகாது. பழைய வழக்குகள் இருப்பதும் அப்படியே. அது விசாரணையைத் தொடங்க உதவலாம், இன்று இந்தப் பைக்குள் ஏதோ இருக்கிறது என்பதற்குக் காரணம் ஆகாது.

நடந்து போகிறவரை நிறுத்துவதிலிருந்து வருவோம். பெயர், ஊர், எங்கே போகிறீர்கள் என்று கேட்பதற்குத் தனியாக ஒரு பிரிவு தேவையில்லை. பிடியாணையில்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றத்தை ஒருவர் காவலரின் கண்ணெதிரே செய்துவிட்டு, பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ, அதை உறுதிசெய்யும் வரை மட்டும் அவரைப் பிடித்துவைக்கப் பிரிவு 39 இடம் தருகிறது. குற்றம் எதுவும் இல்லாதபோது, பதில் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பிரிவைக் கொண்டு பிடித்துவைக்க முடியாது. புதிதாக வந்திருக்கும் பிரிவு 172 கவனிக்க வேண்டியது. குற்றத்தைத் தடுக்கும் கடமையில் காவலர் தரும் சட்டபூர்வமான கட்டளைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்றும், மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், பிடித்துவைக்கலாம் என்றும், அவரை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் அல்லது சிறு விஷயமானால் கூடிய விரைவில், 24 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தப் பிரிவு கவலை தருவது. ‘சட்டபூர்வமான கட்டளை’ எது என்பதை அந்த நிமிடத்தில் தீர்மானிப்பவர் கட்டளையிடுபவரே. ஆனாலும் அது சோதனைக்கான பிரிவு அல்ல. ‘இங்கிருந்து கலைந்து போ’ என்பதற்கு 172 துணை நிற்கலாம், ‘பாக்கெட்டைக் காட்டு’ என்பதற்கு நிற்காது.

வாகனத் தணிக்கை வேறு கணக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 130-ன்படி சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கலாம். காட்டுவது கடமை. மத்திய மோட்டார் வாகன விதி 139 ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டவும் அனுமதிக்கிறது என்பதால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருப்பது செல்லும். மது அருந்தி ஓட்டுவதாகச் சந்தேகம் வந்தால் பிரிவு 203-ன்படி ஊதச் சொல்லலாம். வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விட்டுவிட வேண்டும் என்று பிரிவு 202 சொல்கிறது. இது பலருக்குத் தெரியாத, மிக உபயோகமான வரி. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் இந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. பதிவோ பர்மிட்டோ இல்லாத வண்டியைத் தடுத்துவைக்க 207 உண்டு, ஆவணத்தை எடுத்து ஒப்புகை தர 206 உண்டு.

முக்கியமானது, உரிமம் கேட்கும் அதிகாரம் டிக்கியைத் திறக்கும் அதிகாரம் ஆகாது. ஆவணத்தைச் சரிபார்க்க நிறுத்திய வண்டியின் உள்ளே தேட வேண்டுமானால் அதற்கு இன்னொரு சட்டம் துணைக்கு வர வேண்டும். மதுவிலக்கு, போதைப்பொருள், ஆயுதம், திருட்டுச் சொத்து, தேர்தல் காலப் பறக்கும் படை என்று ஏதாவது ஒன்று. தணிக்கையில் கஞ்சா வாடை அடித்தது, பின் இருக்கையில் அரிவாள் தெரிந்தது என்றால் அந்த நொடியில் பிரிவு மாறிவிடுகிறது. எதுவும் தெரியாமல், வாடையும் இல்லாமல், ‘சும்மா திற’ என்பதற்குப் பிரிவு கிடையாது.

உடல் சோதனைக்கு வழக்கமான வழி கைது. முறையாகக் கைது செய்யப்பட்டவரைப் பிரிவு 49-ன்படி (பழைய 51) சோதிக்கலாம், உடுத்தியிருக்கும் துணி தவிர மற்றவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தலாம், எடுத்ததற்கெல்லாம் ரசீது தர வேண்டும். மணிபர்ஸ், மோதிரம், 340 ரூபாய், போன் என்று தனித்தனியாக எழுதிய ரசீது. இது கைதுக்குப் பின் வரும் அதிகாரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருவில் நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது: முதலில் சோதனை, ஏதாவது கிடைத்தால் கைது. சோதனையில் கிடைத்ததைக் காட்டியே அந்தச் சோதனையை நியாயப்படுத்துவது சட்டப்படி செல்லாத வாதம். பையைத் திறப்பதற்கு முந்தைய நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கணக்கு.

கைதுக்கும் அளவுகோல் உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்வது பிரிவு 35. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமானால் நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் போதாது. கைது ஏன் அவசியம், அதாவது தப்புவாரா, சாட்சியைக் கலைப்பாரா, தடயத்தை அழிப்பாரா என்பதையும் எழுத வேண்டும். அவசியமில்லை என்றால் 35(3)-ன்படி நேரில் வரச் சொல்லி அறிவிப்பு தர வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் முறைப்படி சேர்ப்பித்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியிலும் தெளிவுபடுத்தியது. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். இது புதிய சட்டத்தில் வந்த நல்ல மாற்றம்.

வீட்டுக்குள் வருவதானால் சட்டம் இன்னும் இறுகுகிறது. வழக்கமான பாதை நடுவரிடம் சோதனை ஆணை பெறுவது (பிரிவு 96). ஆணையில்லாமல் வர பிரிவு 185 (பழைய 165) அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. தேடும் பொருள் அங்கே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் போனால் தாமதமாகிவிடும் என்ற நிலை வேண்டும். இவற்றையும் எதைத் தேடுகிறோம் என்பதையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவருக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனு கொடுத்தால் அந்த நகலை நடுவர் இலவசமாகத் தர வேண்டும். இந்த மனுவைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் சோதனைக்கு முன் காரணம் எழுதப்பட்டதா, பிறகு உட்கார்ந்து எழுதப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சோதனை நடக்கும் விதம் பிரிவு 103-ல் (பழைய 100) இருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத, மதிப்புள்ள இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். உள்ளூரில் எவரும் முன்வரவில்லை என்றால் வேறு பகுதியிலிருந்து அழைக்கலாம். தமிழ்நாட்டில் நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் மகஜர் சாட்சிகளாக வருவது வழக்கம். வீட்டில் குடியிருப்பவர் சோதனையின்போது கூடவே இருக்கலாம். எது, எந்த இடத்தில் கிடைத்தது என்ற பட்டியலை அங்கேயே எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, நகலைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். அந்த இடத்தில் இருக்கும் ஒருவர் தேடும் பொருளைத் தன் உடம்பில் மறைத்திருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் அவரையும் சோதிக்கலாம். அவருக்கும் தனிப் பட்டியல், தனி நகல்.

இதோடு பிரிவு 105 சேர்ந்திருக்கிறது. சோதனையும் கைப்பற்றுதலும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும், அந்தப் பதிவு தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும். மொபைல் போனிலேயே எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. இதற்கென இ-சாக்ஷ்யா என்ற செயலியும் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஓட்டைகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொருள் ‘கிடைத்த’ பிறகுதான் கேமரா ஓடத் தொடங்கும். அல்லது துண்டு துண்டாக எடுத்து இடையில் பத்து நிமிடம் காணாமல் போகும். பதிவு தொடங்கிய நேரம், மகஜரில் எழுதிய நேரம், காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் படை கிளம்பியதாக எழுதிய நேரம், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல வழக்குகளின் நிஜம் தெரிந்துவிடும்.

போதைப்பொருள் சட்டம், 1985-ஐப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தெருச் சோதனைகளில் மிகப் பெரிய தண்டனையைக் கொண்டுவரக்கூடியது இதுதான். கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவானால் குறைந்தது பத்தாண்டுச் சிறை, ஜாமீனுக்கும் பிரிவு 37 என்ற பெரிய தடை. தண்டனை கடுமையாக இருப்பதால்தான் நடைமுறையும் கடுமையாக வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்திலோ மூடிய இடத்திலோ சோதிக்கும் பிரிவு 42-ன் அதிகாரம் காவலர் நிலைக்கு மேற்பட்ட, அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரிகளுக்குத்தான். ரகசியத் தகவல் வந்தால் அதை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பேருந்து நிலையம், சாலை போன்ற பொது இடங்களுக்குப் பிரிவு 43. அங்கும் ‘நம்புவதற்குக் காரணம்’ வேண்டும்.

இதே போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50 தனிமனிதருக்கான பாதுகாப்பு. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், ‘அருகிலுள்ள அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது’ என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அழைத்துப் போக வேண்டும். 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைக் கட்டாயம் என்றது. 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு அரசியல் சாசன அமர்வு, ஏறத்தாழ கடைப்பிடித்தோம் என்பதெல்லாம் போதாது, முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று வகை. ‘உங்களைச் சோதிக்கலாமா, சம்மதமா’ என்று மட்டும் கேட்டு, உரிமை இருப்பதைச் சொல்லாமல் விடுவது ஒன்று. இரண்டு பேரைப் பிடித்துவிட்டு ஒரே தாளில் இருவருக்கும் சேர்த்து எழுதி, ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது இன்னொன்று. ‘நடுவரிடமா, அரசிதழ் அதிகாரியிடமா, இல்லை என்னிடமேயா’ என்று சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழியைச் சோதிக்கும் அதிகாரியே சேர்த்துவிடுவது மற்றொன்று. பின்னிரண்டையும் 2014-ல் பரமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தவறு என்று கண்டது. விடுதலையும் கிடைத்தது.

ஆனால் இந்தப் பாதுகாப்பை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. அது உடல் சோதனைக்கு மட்டும். கையில் பிடித்திருக்கும் பை, தோளில் தொங்கும் பை, வண்டி, பெட்டி எதுவும் ‘உடல்’ ஆகாது என்று 2005-ல் பவன் குமார் வழக்கில் தீர்ந்துவிட்டது. உடலையும் பையையும் சேர்த்துச் சோதித்து, பொருள் பையில் மட்டும் கிடைத்தாலும் பிரிவு 50 மீறப்பட்டதாகச் சொல்ல முடியாது என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. என் பார்வையில் இது பாதுகாப்பின் பாதியைக் காலிசெய்துவிட்டது. பொருளை வைத்துவிட்டு எடுப்பது சட்டைப்பையைவிடப் பையில் சுலபம். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். பை வழக்குகளில் வாதம் முத்திரை, மாதிரி, எடை, சாட்சி ஆகியவற்றைச் சுற்றித்தான் நடக்கும். கைப்பற்றியதைப் பிரிவு 52-அ-ன்படி நடுவர் முன் வைத்து மாதிரி எடுத்தார்களா, மகஜரில் எழுதிய எடையும் ஆய்வகத்துக்குப் போன எடையும் பொருந்துகின்றனவா, முத்திரை யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் தொல்லைக்காகச் சோதித்தால் அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறை என்று இதே சட்டத்தின் பிரிவு 58 சொல்வதையும் நினைவில் வையுங்கள்.

பெண்களைப் பெண்களே சோதிக்க வேண்டும், கண்ணியத்துக்குக் குறைவு வராமல். இதற்கு எந்தச் சட்டத்திலும் விலக்கில்லை. பெண் காவலர் இல்லை என்றால் வரும் வரை காத்திருக்க வேண்டியது காவல்துறையின் பொறுப்பு. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி, எழுத்தில் அறிக்கை கொடுத்து, நடுவரின் முன் அனுமதி பெற்றுத்தான் செய்யலாம் (புதிய நடைமுறைச் சட்டம், பிரிவு 43).

போன் விஷயத்தில் சட்டம் இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. சாலையில் நிறுத்தி ‘லாக்கைத் திற, வாட்ஸ்அப்பைக் காட்டு’ என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு, சட்டத்தில் இடமில்லாத ஊடுருவல் செல்லாது. ஒரு வழக்கில் போனே தடயமானால் பிரிவு 94-ன்படி அதை ஒப்படைக்கச் சொல்லலாம், 106-ன்படி கைப்பற்றி நடுவருக்கு உடனே தெரிவிக்கலாம். கடவுச்சொல்லைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் கடவுச்சொல் தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. போனை எடுத்தால் மகஜரில் மாடல், நிறம், இரண்டு ஐஎம்இஐ எண்கள், சிம் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்து, உறையிட்டு, முத்திரை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அதிலிருந்து எடுக்கும் தரவுக்கு ஹாஷ் மதிப்புடன் (தரவு பின்னால் மாற்றப்பட்டதா என்று காட்டும் எண் அடையாளம்) சான்று தர வேண்டும் என்பது புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63. கைப்பற்றிய நாளுக்கும் அந்த மதிப்பை எடுத்த நாளுக்கும் இடைவெளி நீளமாக இருந்தால் அது எதிர்வாதத்துக்கு நல்ல பிடி.

இப்போது கசப்பான ஒன்று. சோதனை சட்டவிரோதம் என்று நிரூபித்துவிட்டால் கிடைத்த பொருள் சாட்சியம் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு விதி உண்டு. இங்கே இல்லை. 1973-ல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்தது வழக்குக்குப் பொருத்தமானதானால் ஏற்கலாம் என்றது. இன்றும் அதுவே பொது விதி. போதைப்பொருள் பிரிவு 50 போன்றவை விதிவிலக்கு. சுதந்திரமான சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழாது. போலீஸ் சாட்சியை மட்டும் நம்பித் தண்டித்த தீர்ப்புகள் ஏராளம்.

அப்படியானால் இத்தனை நடைமுறையும் எதற்கு? முறைகேடு சாட்சியத்தை வெளியே தள்ளாது, ஆனால் அதன் மீதான நம்பிக்கையை அரித்துவிடும். காரணம் முன்பே எழுதப்படவில்லை, வீடியோவில் இடைவெளி, நகல் தரவில்லை, சாட்சி வழக்கமாக வரும் ஆள், நேரம் பொருந்தவில்லை என்று நான்கைந்து சேர்ந்தால் பொருள் உண்மையில் அங்கிருந்துதான் எடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழும். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. எனவே நிறுத்தப்பட்டவருக்கு அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை, வாக்குவாதத்தில் ஜெயிப்பது அல்ல. நடந்தது நடந்தபடி ஒரு பதிவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வது.

அதற்குச் சில காரியங்கள். கையால் தடுக்காதீர்கள். காரணம் எழுதாமல் நடந்த சோதனையைத் தடுத்தவரை விடுவித்ததை உச்ச நீதிமன்றம் 1959-ல் ரஹ்மான் வழக்கில் ஏற்றது உண்மைதான், ஆனால் அந்த விடுதலை வழக்கு நடந்து பல நாள் கழித்து வருவது. தெருவில் கையை நீட்டினால் பணியைத் தடுத்ததாகவும் தாக்கியதாகவும் புதிய வழக்கு சேரும். அதற்குப் பதிலாக, சத்தம் போடாமல், ‘ஐயா, எந்தப் பிரிவில் சோதிக்கிறீர்கள்? எனக்குச் சம்மதமில்லை, ஆனால் தடுக்கவில்லை’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பின்னால் ‘தானாக முன்வந்து காட்டினார்’ என்று எழுதுவதைத் தடுக்கும். பெயர்ப்பட்டையில் இருக்கும் பெயர், பதவி, வண்டி எண், நேரம் நான்கையும் மனதில் பதியுங்கள். பொது இடத்தில் உங்களோடு வந்தவர் சற்றுத் தள்ளி நின்று படம்பிடிப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. குறுக்கே நிற்காமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பையைத் திறப்பதானால் முடிந்தவரை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். வெற்றுத் தாளிலும், பாதி நிரப்பிய படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையில் போலீசிடம் சொன்னதை எழுதினால் அதில் சொன்னவர் கையெழுத்திடக் கூடாது என்று பிரிவு 181 (பழைய 162) வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் ‘வாக்குமூலத்தில் கையெழுத்து போடு’ என்ற கட்டளைக்குச் சட்டத்தில் இடமில்லை. மகஜர் நகலோ கைது குறிப்போ பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட நேர்ந்தால், உங்கள் கையாலேயே நாளும் மணியும் சேர்த்து எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரியும், தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது என்றால், ‘படித்துக் காட்டவில்லை’ என்று மேலே எழுதிவிட்டுப் போடுங்கள். போலீசிடம் ஒப்புக்கொண்டதாக எழுதியது சாட்சியம் ஆகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும் (புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 23). ‘அவர் காட்டிய இடத்தில் எடுத்தோம்’ என்ற வாசகம் வழக்குகளில் இத்தனை முறை வருவதற்கு இதுவே காரணம்.

‘ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போ’ என்பது நிறுத்துவதற்கும் கைதுக்கும் நடுவில் சட்டத்துக்கு வெளியே வளர்ந்த ஒரு பழக்கம். சாட்சியாக விசாரிப்பதானால் பிரிவு 179-ன்படி எழுத்தில் அழைப்பு வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த, 60-க்கு மேற்பட்ட ஆண்களையும், பெண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சந்தேக நபராக என்றால் 35(3) அறிவிப்பு. இரண்டும் இல்லாமல் போக விடாமல் வைத்திருந்தால், எந்தப் பெயர் சொன்னாலும் அது காவலில் வைத்ததுதான். நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கணக்கு அந்த நிமிடத்திலிருந்து ஓட வேண்டும் என்று வாதிடலாம். அதனால்தான் தெருவில் நிறுத்திய நேரத்தை வீட்டாருக்கு உடனே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புவது பின்னால் பெரிய ஆயுதம். கைது என்றால் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், ஒரு சாட்சியாவது கையெழுத்திட்ட கைது குறிப்பு வேண்டும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும். டி.கே.பாசு வழக்கில் 1996-ல் சொன்னவை இப்போது 36, 38, 47, 48 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழைக்கலாம்.

முறைகேடு நடந்ததாகத் தோன்றினால் வேகமாகச் செய்ய வேண்டியது, நேரம் கடந்தால் அழிந்துவிடும் பதிவுகளைக் காப்பாற்றுவது. 2020-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருக் கடைகளின் கேமராக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் அன்றைக்கே நகல் கேளுங்கள், காவல் நிலையப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ நாள், மணி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், ரிமாண்டுக்கு நடுவர் முன் நிறுத்தப்படும்போது வாய்திறந்து சொல்லுங்கள். அடி, காயம், எடுத்துக்கொண்டு பட்டியலில் சேர்க்காத பணம் எதுவானாலும் அந்த முதல் ஆஜரிலேயே சொன்னால் நடுவர் அதைப் பதிவுசெய்யும்படி கேட்க முடியும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் ‘ஏன் அன்றே சொல்லவில்லை’ என்ற கேள்விதான் முதலில் வரும். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு வருவதை ஆணையம் விசாரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.